குழாய் போடத் தெரியும், கற்றுக்கொடுக்கத் தெரியுமா?

அமெரிக்காவின் நான்கு மருத்துவமனைகளில் நடந்து, 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மிக எளிமையானது. சஞ்சய் செயின்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வார்டு மருத்துவர்களிடமும் மருத்துவ மாணவர்களிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் பொறுப்பில் உள்ள நோயாளிகளில் யாருக்கெல்லாம் சிறுநீர்க் கதீட்டர் போட்டிருக்கிறது? கதீட்டர் இருந்த நோயாளிகளில் 21 சதவீதத்தினரை மருத்துவ மாணவர்கள் தவறவிட்டார்கள். முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்கள் தவறவிட்டது 22 சதவீதம். எல்லோருக்கும் மேலே இருந்த மூத்த மருத்துவர்கள் 38 சதவீதம். பதவி உயர உயர, நோயாளியின் உடலுக்குள் இருக்கும் குழாய் கண்ணிலிருந்து மறைந்துகொண்டே போயிருக்கிறது. அந்தக் குழாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று தக்க காரணமில்லாமல் இருந்தவை. அவற்றைத்தான் மருத்துவர்கள் இன்னும் அதிகமாக மறந்திருந்தார்கள்.

இது தனி மனிதரின் அலட்சியம் அல்ல. ஒரு வேலையை யார் யாருக்குச் சொல்லித்தர வேண்டும், எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று எவரும் உட்கார்ந்து யோசிக்காததன் விளைவு. கதீட்டரைப் பற்றிய அறிவியல் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்ச் சேரும் வழிதான் பழுதாகிக் கிடக்கிறது.

முதலில் அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சிறுநீர்ப்பைக்கு இயற்கை கொடுத்திருக்கும் பெரிய காவல், சிறுநீரின் ஓட்டம்தான். ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் உள்ளே நுழையப் பார்க்கும் கிருமிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. கதீட்டர் இந்தக் காவலைக் கலைத்துவிடுகிறது. சிறுநீர் சொட்டுச் சொட்டாக ஓயாமல் வடிகிறது. அடித்துச் செல்லும் வேகம் இல்லை. குழாய் நழுவாமலிருக்க நுனியில் ஊதிவைக்கும் பலூனுக்குக் கீழே கொஞ்சம் சிறுநீர் வெளியேறாமல் தேங்கியும் நிற்கிறது. கிருமிகளுக்கு ஏறிவர இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, குழாயின் வெளிப்புறத்துக்கும் சிறுநீர்த்தாரையின் சுவருக்கும் இடையே. மற்றொன்று, சேகரிப்புப் பையிலிருந்தோ குழாயைக் கழற்றி மாட்டும் இணைப்பிலிருந்தோ, உட்புறமாகவே.

ஏறிவந்த பாக்டீரியாக்கள் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைச் சுரக்கின்றன. உயிர்ப்படலம் என்று இதைச் சொல்கிறார்கள். இதற்குள் இருக்கும் கிருமிகளை ஆன்டிபயாட்டிக் மருந்தால் எளிதில் அழிக்க முடியாது. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அது யூரியேஸ் என்ற நொதியைக் கொண்டு சிறுநீரில் உள்ள யூரியாவைப் பிளந்து அம்மோனியாவை உண்டாக்கும். சிறுநீரின் காரத்தன்மை ஏறும். கரைந்திருந்த மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் படிகங்களாக உறைந்து குழாயின் துளையை அடைக்கும். அடைபட்ட சிறுநீர் பக்கவாட்டில் கசியும். இல்லையென்றால் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பும். ரத்தத்தில் தொற்று பரவ அதற்குமேல் அதிக நேரம் பிடிப்பதில்லை.

கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரில் பாக்டீரியா குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் ஆகிவிட்டால் அநேகமாக எல்லோருக்கும் குடியேறியிருக்கும். குடியேறிய எல்லோருக்கும் காய்ச்சல் வருவதில்லை, எல்லோருக்கும் மருந்து தேவையும் இல்லை. ஆனால் நாள் ஒன்று கூடினால் ஆபத்தும் கூடுகிறது என்ற இந்தக் கணக்கைத்தான் வார்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். 'இன்றைக்கும் இது தேவையா?' என்று காலைதோறும் கேட்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

பலூன் வைத்த கதீட்டரை ஃபிரெடரிக் ஃபோலி என்ற அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் 1930-களில் உருவாக்கினார். அதன் அடிப்படை வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. அந்தக் காலத்தில் குழாயின் மறுமுனை, கட்டிலுக்கு அடியில் மூடியில்லாத பாட்டிலில் கிடக்கும். சில நாட்களிலேயே அநேகமாக எல்லோருக்கும் பாக்டீரியா ஏறிவிடும். 1966-இல் கால்வின் குனினும் அவருடைய சகாவும், பாட்டிலுக்குப் பதிலாக எங்கும் திறப்பில்லாத மூடிய அமைப்பைப் பயன்படுத்தினால் இந்தக் குடியேற்றத்தை வெகுவாகத் தள்ளிப்போடலாம் என்று காட்டினார்கள். இன்று வார்டில் சொல்லப்படும் விதிகளில் பாதி இதிலிருந்து பிறந்தவை. இணைப்பைக் கழற்றாதே. யூரின் பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கட்டும், ஆனால் தரையில் படக் கூடாது. முழுவதும் நிரம்பும்வரை விடாமல் காலி செய். ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய பாத்திரத்தை இன்னொருவருக்குப் பயன்படுத்தாதே. பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதானால் பையிலிருந்து எடுக்காதே, அதற்கென்று உள்ள முனையிலிருந்து எடு.

இவற்றில் ஒன்றும் கடினமானதல்ல. ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதி, வேலை நெருக்கும் நேரத்தில் முதல் ஆளாகக் கைவிடப்படும். ஸ்ட்ரெச்சரில் நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது யூரின் பேக்கைத் தூக்கி அவர் வயிற்றின் மேல் வைப்பவருக்கு, பையில் இருப்பது மறுபடி உள்ளே வழிந்து போகும் என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

இங்கேதான் கற்றுக்கொடுக்கும் கலை வருகிறது. 'ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு' என்பது அமெரிக்க அறுவை சிகிச்சைப் பயிற்சியில் பழகிப்போன ஒரு சொல். இதில் மூன்றாவது படி தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது வருவதில்லை. நன்றாகச் சமைக்கும் அம்மாவிடம் குழம்புக்குச் செய்முறை கேட்டால் 'புளியைக் கரைச்சு ஊத்து, உப்பு திட்டமா போடு' என்பார். அந்தத் 'திட்டம்' அவர் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கிளார்க் என்ற கல்வியியல் ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கைதேர்ந்த ஒருவர் தன் வேலையைச் சொல்லி விளக்கும்போது, இடையிடையே தான் எடுக்கும் முடிவுகளில் 70 சதவீதம்வரை சொல்லாமல் விட்டுவிடக்கூடும் என்பது அவர் கண்டது. மறைக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில்லை. பழகப் பழக அந்த முடிவுகள் சிந்தனைக்கு எட்டாத இடத்துக்கு இறங்கிவிடுகின்றன. ஆகவே ஒரு வார்டில் மிகத் திறமையான நர்ஸ், மிகச் சிறந்த ஆசிரியராகவும் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்கு ஆசிரியப் பயிற்சி தனியாகத் தேவை.

அந்தப் பயிற்சியில் பரவலாகக் கையாளப்படும் ஒரு முறையை ரோட்னி பேட்டன் என்ற அறுவை மருத்துவர் 1998-இல் எழுதிவைத்தார். நான்கே படிகள். ஆண் நோயாளிக்குக் கதீட்டர் போடுவதைப் பொம்மை உடலில் கற்றுக்கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தடவை, ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமல், இயல்பான வேகத்தில் செய்து காட்டுவார். வேலை முழுமையாக எப்படி இருக்கும் என்ற படம் மனதில் விழுவதற்காக. இரண்டாம் தடவை, மெதுவாக, ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே செய்வார். மூன்றாம் படியில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. ஆசிரியரின் கை வேலை செய்யும். ஆனால் அடுத்து என்ன என்பதைக் கற்பவர் சொல்ல வேண்டும். அவர் சொல்லாததை ஆசிரியரின் கை செய்யக் கூடாது. 'சிறுநீர் வருதான்னு பார்க்கணும்' என்ற ஒரு வரியைக் கற்பவர் விட்டுவிட்டால், கை அங்கேயே நிற்கும். நான்காம் தடவை, கற்பவரே சொல்லிக்கொண்டே செய்வார்.

அந்த ஒரு வரிக்கு எத்தனை எடை என்பதைப் பாருங்கள். குழாயைக் கிளை பிரியும் முனைவரை உள்ளே செலுத்தி, சிறுநீர் வடிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பலூனை ஊத வேண்டும். அவசரப்பட்டால் பலூன் சிறுநீர்த்தாரைக்குள்ளேயே விரியும். தாரை கிழிந்து ரத்தம் கொட்டும். பின்னாளில் தழும்பு ஏறி வழி சுருங்கி, அந்த மனிதர் ஆயுள் முழுக்கச் சிரமப்படலாம். பலூனுக்குள் உப்புநீரை ஏற்றாமல் சுத்திகரித்த நீரை ஏற்றச் சொல்வதும், உப்பு படிந்து பலூன் சுருங்காமல் போய்விடும் என்ற அச்சத்தால்தான். பின்னுக்குத் தள்ளிய முன்தோலை வேலை முடிந்ததும் பழையபடி முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். மறந்தால் அது இறுகி வீங்கி, அவசர சிகிச்சைவரை போகும். அனுபவசாலியின் கை இவற்றையெல்லாம் சொல்லாமலே செய்துவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்க்கும் புதியவரின் கண்ணுக்கு இவை தெரிவதே இல்லை.

சக ஊழியருக்குக் கற்றுக்கொடுப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கல்லூரியில் ஆசிரியர் மேலே, மாணவர் கீழே. வார்டில் அப்படி இல்லை. இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு, நேற்றுப் பயிற்சி முடித்துவந்த இளையவர் சொல்லித்தர வேண்டியிருக்கும். 'நீங்க செய்யறது தப்பு' என்று தொடங்கினால் அன்றோடு பேச்சு முடிந்தது. 'அக்கா, பேக்கைக் கட்டில் கம்பியில மாட்டிடட்டுமா? தரையில பட்டா கிருமி ஏறும்னு கிளாஸ்ல காட்டினாங்க' என்று காரணத்தோடு, கையால் உதவியபடி சொன்னால் அது காதில் ஏறும். நல்ல பயிற்றுநர் பயிற்சிகளில் இதையும் நடித்துப் பழக வைக்கிறார்கள். குறுக்கிடாமல் கடைசிவரை கவனிப்பது, ஒரே நேரத்தில் ஒரே குறையை மட்டும் சொல்வது, நோயாளியின் முன்னால் திருத்தாமல் இருப்பது ஆகியவையும் கற்றுப் பழக வேண்டிய திறமைகள்தாம்.

இப்படிச் செய்தால் பலன் உண்டா? மிஷிகன் மாநிலம் அதற்குச் சான்று. 2003-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் புரோனோவோஸ்ட், அந்த மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளோடு ஒரு வேலையைத் தொடங்கினார். இங்கே பிரச்சினை சிறுநீர்க் குழாய் அல்ல. இதயத்துக்கு அருகில்வரை செல்லும் ரத்தக்குழாய்க் கதீட்டர், அதாவது சென்ட்ரல் லைன். கை கழுவுதல், முழு உடல் தடுப்புத் துணி, குளோர்ஹெக்சிடினால் தோலைச் சுத்தம் செய்தல், கூடுமானவரை தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் எடுத்துவிடுதல் என்று ஐந்தே விதிகள். பத்திரிகைகள் இதைச் சரிபார்ப்புப் பட்டியலின் வெற்றி என்று கொண்டாடின. ஆனால் 2006-இல் வந்த ஆய்வறிக்கையைப் படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மருத்துவரையும் ஒரு நர்ஸையும் தலைவர்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி அவர்களுக்குத்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசிக் கூட்டம், ஆண்டுக்கு இருமுறை மாநிலம் தழுவிய சந்திப்பு. சக ஊழியர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இவர்களே. அவசர நேரம் தவிர, விதி மீறும் மருத்துவரை நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்குக் கிடைத்தது. தங்கள் பிரிவின் தொற்று எண்ணிக்கை அவர்கள் கைக்கே தொடர்ந்து வந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு கதீட்டர் ஒரு நாள் இருந்தால் அது ஒரு கதீட்டர்-நாள். இப்படி 1,000 நாட்களுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆக இறங்கியது.

இங்கிலாந்து 2009-இல் இதே திட்டத்தைத் தன் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தியது. தொற்று அங்கேயும் குறைந்தது. ஆனால் திட்டத்தில் இன்னும் சேராத பிரிவுகளிலும் ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்ததால், திட்டத்தின் பங்கைத் தனியே பிரித்துக் காட்ட முடியவில்லை. மேரி டிக்சன்-வுட்ஸ் என்ற சமூகவியலாளரின் குழு அந்தப் பிரிவுகளில் தங்கி ஆராய்ந்தது. மேலிருந்து வந்த இன்னொரு அரசாங்க உத்தரவு என்றே பல இடங்களில் ஊழியர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். மிஷிகனில் அது சகாக்களின் முயற்சி. பட்டியல் ஒன்றுதான், சொன்ன வாய்தான் வேறு.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு சிகாகோவிலிருந்து வந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பர்சுக் குழுவினர், இளம் மருத்துவர்கள் குறிப்பிட்ட தரத்தை எட்டும்வரை சென்ட்ரல் லைன் போடுவதைப் பொம்மை உடலில் பயிற்றுவித்தார்கள். 1,000 கதீட்டர்-நாளுக்கு 3.20 ஆக இருந்த தொற்று 0.50 ஆனது. அதன் பிறகு ஒரு விந்தை நிகழ்ந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தவர்கள், தாங்கள் பயிற்சி பெறுவதற்கு முன்னால் நடக்கும் செய்முறைச் சோதனையிலேயே கூடுதல் மதிப்பெண் வாங்கத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற மூத்தவர்கள் நோயாளிகளிடம் சரியாகச் செய்வதை வார்டில் பார்த்துப் பார்த்தே ஓரளவு கற்றிருந்தார்கள் என்பது குழுவினரின் விளக்கம். சரியான கையைப் பார்த்தால் சரியாகவே தொற்றிக்கொள்கிறது. தவறான கையைப் பார்த்தாலும் அப்படியே என்பதை மறந்துவிடக் கூடாது.

மிஷிகனில் கையாண்ட வழியைச் சிறுநீர்க் கதீட்டருக்கும் 603 அமெரிக்க மருத்துவமனைகளில் பின்பற்றினார்கள். செயின்ட்டின் குழு 2016-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பொது வார்டுகளில் தொற்று 1,000 கதீட்டர்-நாளுக்கு 2.28-இலிருந்து 1.54 ஆகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அசைவே இல்லை. மணிக்கு மணி சிறுநீர் அளவு பார்க்க வேண்டிய இடத்தில், 'இது இன்றும் தேவையா' என்ற கேள்விக்கு எல்லோருமே சுலபமாக 'ஆம்' என்றுவிடுகிறார்கள். அங்கே வேறு கேள்வியை, வேறு வகையில் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் டெல்லி எய்ம்ஸ் ஒருங்கிணைக்கும் கண்காணிப்பு வலையமைப்பு, மருத்துவமனைத் தொற்றுகளை இதே கதீட்டர்-நாள் கணக்கில் திரட்டுகிறது. தரச்சான்று பெற்ற மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்ற பொறுப்பும் இருக்கிறது. இருந்தும், பயிற்சி நடந்ததற்கு அத்தாட்சியாகப் பல இடங்களில் கையெழுத்து நிரம்பிய வருகைப் பதிவேட்டைத்தான் நீட்டுகிறார்கள். அந்தப் பதிவேட்டில் இன்னும் இரண்டு கட்டங்கள் போட வேண்டும்: இவர் செய்ததை யார் நின்று பார்த்தார், இவர் அதன் பிறகு யாருக்குக் கற்றுக்கொடுத்தார். நைட் டியூட்டி ஊழியர்களுக்கும் அந்தக் கட்டங்கள் நிரம்ப வேண்டும். பெரும்பாலான பயிற்சி வகுப்புகள் பகலில்தான் நடக்கின்றன; குழாய் இரவிலும் உடம்புக்குள் இருக்கிறது.

யூரின் பேக்கைக் காலி செய்வது பல வார்டுகளில் நர்ஸ்கூட இல்லை. உதவியாளரோ, கட்டிலருகே துணைக்கு இருக்கும் மகளோ, மனைவியோதான். கதீட்டரோடு வீட்டுக்கு அனுப்பப்படும் முதியவருக்கு அடுத்த சில வாரங்கள் அவர்களே நர்ஸ். டிஸ்சார்ஜ் அன்று மருந்துச் சீட்டோடு சேர்த்து வாயால் நாலு வார்த்தை சொல்லி அனுப்புவது போதாது. பேட்டனின் மூன்றாம் படியை அங்கேயும் செய்யலாம். மகள் சொல்லட்டும், சிஸ்டரின் கை செய்யட்டும். கை கழுவுவதை மகள் சொல்ல மறந்தால், சிஸ்டர் பையைத் தொடாமல் காத்திருக்கட்டும். நான்கு படியும் முடிய பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களை ஷிஃப்ட் அட்டவணையில் ஒதுக்கித் தருவது மருத்துவமனை நிர்வாகத்தின் வேலை.