புகையின் பெயரைச் சொன்ன தீர்ப்பு

லண்டனின் தென்கிழக்கில் இருக்கிறது லூயிஷம். ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் பகுதி. ஈழத்தமிழர்களுக்குச் சிவன் கோயிலும் அங்கே உண்டு. லூயிஷத்தின் குறுக்கே ஓடும் சவுத் சர்க்குலர் சாலையில் எந்நேரமும் வண்டிகள்தான். அந்தச் சாலையிலிருந்து முப்பது மீட்டருக்குள் இருந்தது, கானா வம்சாவளிச் சிறுமி எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ராவின் வீடு.

நன்றாக ஓடியாடிய பிள்ளை. 2010-ல் இருமல் தொடங்கியது. பிறகு வலிப்பும் வந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் 25 தடவைக்கு மேல் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 2013 பிப்ரவரி 15 அன்று இறந்துபோனாள். வயது 9.

கடும் ஆஸ்துமாவால் மூச்சு செயலிழந்தது என்று 2014-ல் மரண விசாரணையை முடித்தார்கள். காற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. தாய் ரோசமண்ட் விடவில்லை. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீஃபன் ஹோல்கேட், சிறுமி மருத்துவமனையில் சேர்ந்த நாட்களையும் அந்த வட்டாரத்தில் பதிவான மாசு அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். தொடர்பு தெரிந்தது. உயர் நீதிமன்றம் 2019-ல் பழைய முடிவை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 16 அன்று மரண விசாரணை அதிகாரி ஃபிலிப் பார்லோ, காற்று மாசும் இந்த மரணத்துக்குக் காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் அதற்குமுன் யாருடைய இறப்புச் சான்றிதழிலும் அப்படி எழுதப்பட்டதில்லை.

அந்தத் தீர்ப்பில் என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. நைட்ரஜன் டை-ஆக்சைடு சட்ட வரம்பைத் தாண்டியிருந்தது அதிகாரிகளுக்குத் தெரியும். தாய்க்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வீட்டையே மாற்றியிருப்பேன் என்றார் அவர்.

ஆனால், எல்லோராலும் வீடு மாற்ற முடிகிறதா? பெரிய சாலையோரத்தில் வாடகை குறைவு. வருமானம் குறைந்த, கறுப்பின, குடியேறிய குடும்பங்கள் அங்கேதான் ஒண்டுகின்றன. இங்கிலாந்தில் கார் இல்லாத குடும்பங்களின் விகிதம் கறுப்பினத்தவரிடையேதான் அதிகம். பிறர் ஓட்டும் வண்டியின் புகை இவர்கள் பிள்ளைகளின் நெஞ்சில் போய்ப் படிகிறது. இதைத் தலைவிதி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. சாலையை அங்கே போட்டதும், டீசல் கார்களுக்கு வரிச்சலுகை தந்து வாங்க வைத்ததும் மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

சுத்தமான காற்றை மனித உரிமையாக்கும் மசோதாவை ‘எல்லாவின் சட்டம்’ என்றே அழைத்தார்கள். 2022-ல் பிரபுக்கள் சபையில் நிறைவேறிய அது, மக்கள் சபையைத் தாண்டவில்லை. அரசின் மீது தாய் தொடுத்த வழக்கு 2024-ல் சமரசத்தில் முடிந்தது. அரசு வருத்தம் தெரிவித்தது. அந்த வருத்தம் உண்மையானால், அந்த மசோதாவைச் சட்டமாக்கட்டும்.