உப்புக் காற்றும் சைக்கிள் செயினும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவானில் படகேறி, சைக்கிளோடு நெடுந்தீவு செல்லும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 1990க்குப் பின் எரிபொருள் தடை நிலவிய ஆண்டுகளில் குடாநாட்டையே சுமந்த வாகனம் அல்லவா அது!

இவ்வழியில் சைக்கிளைக் கெடுப்பது உப்புதான். கடற்காற்றும் படகில் தெறிக்கும் நீரும் பட்ட செயினில் ஓரிரவிலேயே துரு ஏறலாம். நெடுந்தீவில் செயின் அறுந்தால் கடைசிப் படகும் போய்விடும்.

தங்குமிடம் சேர்ந்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஈரத்தை உலர்த்த வேண்டும். தீவுகளில் நன்னீர் அரிது; வாளி வாளியாக ஊற்றுவது முறையல்ல, ஒரு செம்பு போதும். பின் மண்ணெண்ணெய்த் துணியால் செயினின் மணலை நீக்கி, கண்ணிக்கொரு சொட்டு எண்ணெய் விட்டு, மிகுதியைத் துடைத்துவிடட்டும். இல்லையேல் மணல் ஒட்டி அரைக்கும். ரிம்மில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. உங்கள் தையல் மெஷின் எண்ணெயே இதற்கு ஆகும், தினமும் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம் சகோதரிகளே, பிசினாகிவிடும்.