பஸ் வண்டிக்குள் ஓடும் வெந்நீர்

கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவ ஏற்றத்தில், பழைய பஸ் ஒன்று ஆவி கிளம்ப ஓரமாக நிற்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். நடத்துநர் போத்தலோடு தண்ணீர் தேடி ஓடுவார். எஞ்சினின் சூடு நமக்கு எப்போதும் ஒரு தொல்லைதான். ஆனால் அதே சூட்டைக் குழாய் வைத்து வண்டிக்குள் கொண்டுவரும் நாடுகளும் உண்டு. கடந்த வருட ஓகஸ்ட் விடுமுறையில் உம்மாவுடன் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள மாமா வீட்டுக்குப் போனபோதுதான் அதை நேரில் பார்த்தேன்.

அங்கே வீட்டு முற்றத்தில் மஞ்சள் நிறப் பாடசாலை பஸ் ஒன்று நின்றது. 1939ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் அமெரிக்கப் பாடசாலை பஸ்களுக்கென்று தெரிவுசெய்யப்பட்ட நிறம் அது. அதிகாலை மங்கலிலும் கண்ணில் படும் என்பதால் கனடாவிலும் அதையே பூசுகிறார்கள். சேவையிலிருந்து விலக்கப்படும் இந்த பஸ்களைச் சிலர் வாங்கி, ஆசனங்களைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் வைத்து ஓடும் வீடாக மாற்றுவார்கள். மாமியையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நாடு பார்க்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. ஆசனங்கள் போய்விட்டன. ஹீட்டர்கள்தான் மிச்சம்.

எஞ்சினின் இரத்த ஓட்டம்

ஹீட்டர் என்றதும் மின்சாரத்தில் இயங்கும் ஒரு பெட்டி என்றே நினைத்தேன். அது தவறு. டீசல் எரியும்போது பிறக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. பெரும்பகுதி வெப்பமாகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போக, இன்னொரு பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் என்ற திரவம் ஏந்திக்கொள்கிறது. கூலன்ட் ஏறக்குறைய 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரை சூடானதும் தெர்மோஸ்டட் திறந்து, அதை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கே காற்றுப்பட்டு ஆறிய திரவம் மறுபடி எஞ்சினுக்கு வருகிறது.

குளிர் நாட்டு பஸ்களில் இந்த ஓட்டத்திலிருந்து ஒரு கிளை பிரியும். ஒரு குழாய் சூடான கூலன்டை உள்ளே கொண்டுவரும், இன்னொன்று அதைத் திருப்பிக் கொண்டுபோகும். வழியில் சாரதியின் காலடியிலும் ஆசனங்களுக்குக் கீழும் வண்டியின் பின்புறத்திலும் சிறு ரேடியேட்டர்களும் அவற்றின் பின்னே மின்விசிறிகளும் இருக்கும். ஹீட்டர் என்பது இவ்வளவுதான். வண்டி நீளமானதால் திரவத்தைத் தள்ள மேலதிகமாக ஒரு மின்பம்பியும் வைத்திருப்பார்கள்.

ஆகவே ஹீட்டரைக் கழற்றுவது ஒரு பெட்டியைக் கழற்றுவது போன்றதல்ல. அது எஞ்சினின் இரத்தக் குழாயில் கை வைப்பது போன்றது.

வெட்டுவதற்கு முன்

ஆசனங்களுக்குக் கீழிருந்த ஹீட்டர்கள் கட்டில் வைக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. பழைய இறப்பர் குழாய்களும் வெடிப்பு விட்டிருந்தன. புதிய பலகைத் தரைக்கு அடியில் அவை கசிந்தால் யாருக்கும் தெரியவராது. "எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிடுவம்" என்றார் மாமா. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர், முதலில் குழாய்கள் போகும் பாதையைத் தாளில் வரையுங்கள், பிறகு வெட்டுங்கள் என்றார்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள் என்று அந்த வேலை என்னிடம் வந்தது. ஒரு டோர்ச்சோடு பஸ்ஸுக்குக் கீழே புகுந்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். வெளியே வந்தபோது உடுப்பெல்லாம் கறுப்பு. "பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு மகள்?" என்று உம்மா குறைபட்டுக்கொண்டார்.

படம் முடியும் வரை மாமாவுக்குப் பொறுமை இல்லை. அன்று காலை பஸ்ஸை ஓட்டிப் பார்த்திருந்தார். அரை மணித்தியாலம்தான் கழிந்திருக்கும். ஒரு குழாயின் கிளிப்பைத் தளர்த்தினார். அமுக்கத்தில் இருந்த சூடான கூலன்ட் அவரது மணிக்கட்டில் சீறியடித்தது. மாமி ஓடிவந்து கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், காயம் பெரிதாகவில்லை. மூடிய குழாயில் அமுக்கம் கூடும்போது திரவத்தின் கொதிநிலையும் கூடும் என்று வகுப்பில் படித்தது அன்றுதான் எனக்கு உறைத்தது. எஞ்சின் முழுதாக ஆறும் வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

மறுநாள் எஞ்சின் அருகே இருந்த இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு, கூலன்டைப் பாத்திரங்களில் வடித்தோம். கூலன்டில் பாதி தண்ணீர், பாதி எதிலீன் கிளைக்கோல். அதனால்தான் அது பூச்சியத்துக்குக் கீழ் 37 பாகை வரை உறையாது. ஆனால் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு, அதிலும் இனிப்பான நஞ்சு. நிலத்தில் சிந்தினால் பூனையும் நாயும் நக்கிச் சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துத்தான். எனவே பாத்திரங்களை உடனே மூடி, நகரசபை ஆபத்தான கழிவுகளைப் பொறுப்பேற்கும் நிலையத்தில் ஒப்படைத்தோம்.

எதை விட்டோம், எதை மாற்றினோம்

ஆசனத்துக்குக் கீழிருந்த ஹீட்டர்களை அகற்றியதும் குழாய்களின் முனைகள் திறந்தபடி நின்றன. கொண்டுவரும் குழாயையும் திருப்பிக் கொண்டுபோகும் குழாயையும் இணைத்தால் வட்டம் மூடிவிடும். முனைகளை வெறுமனே அடைத்துவிடலாமா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். அதன் கைநூலைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். நாங்கள் புதிய குழாய்களைப் பஸ்ஸுக்கு வெளியே, அடிப்பக்கமாகக் கொண்டுபோனோம். கசிந்தால் கண்ணில் படும், வீட்டுக்குள் வராது.

ஒரு ஹீட்டரை மட்டும் பிள்ளைகளின் கட்டிலருகே இடம்மாற்றினோம். அதே பாதையில் ஒரு தட்டு வெப்பப் பரிமாற்றியையும் பொருத்தினோம். மெல்லிய உருக்குத் தகடுகளின் ஒரு பக்கம் கூலன்டும் மறு பக்கம் தண்ணீரும் ஓடும். இரண்டும் கலக்காது, வெப்பம் மட்டும் கைமாறும். பஸ் ஓடி வந்து நிற்கும்போது வுழூச் செய்ய வெந்நீர் தயார். தண்ணீர் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும் என்பதால் குளிர்நீர் கலக்கும் வால்வு ஒன்றும் தேவை. தகடு என்றாவது ஓட்டையானால் நஞ்சு கலந்துவிடும். ஆகவே அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று மாமி பெரிதாக எழுதி ஒட்டினார்.

எஞ்சின் நின்றுவிட்டால் இந்தச் சூடும் நின்றுவிடும். இரவில் தூங்குவதற்கு வேறு ஹீட்டர் வேண்டும். அது டீசலில் எரிவதானால் அதன் புகை வெளியே போக வேண்டும், உள்ளே காபனோரொட்சைட்டு வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி இருக்க வேண்டும். மணமில்லாத அந்த வாயு தூங்குபவர்களை எழுப்பாது.

சாரதியின் முன்னே இருந்த ஹீட்டரில் மட்டும் கை வைக்கவில்லை. முன்கண்ணாடிக்குச் சூடான காற்றை ஊதுவது அதுதான்.

ஓகஸ்டில் ஒரு பரீட்சை

புதிய கூலன்ட் ஊற்றி எஞ்சினை இயக்கினோம். எங்கும் கசிவு இல்லை. மாமா கருவிகளை எடுத்துவைக்கத் தொடங்கினார். என் படத்தில் ஒவ்வொரு ஹீட்டருக்கும் சரி அடையாளம் போட்டுக்கொண்டு வந்த நான், முன் ஹீட்டரைப் போட்டுக் கண்ணாடிக்குக் கீழே கையை வைத்தேன். குளிர்ந்த காற்றுத்தான் வந்தது.

"மாமா, இதில சூடு வரல்லயே."

"இந்த வெயிலுக்கு யாருக்கு மகள் சூடு வேணும்?" என்று சிரித்தவர், மறுகணமே சிரிப்பை நிறுத்திவிட்டார்.

காரணம், குழாய்க்குள் சிக்கிய காற்று. திரவம் நிரப்பும்போது உள்ளே அகப்பட்ட காற்று உயரமான இடத்துக்குப் போய் நிற்கும். எங்கள் பாதையில் உயரமான இடம் அந்த முன் ஹீட்டர்தான். திரவத்தால் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு போக முடியவில்லை. பஸ்ஸின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஆறிய பிறகு மேலேயுள்ள காற்று ஸ்குரூவைத் திறந்து காற்றை வெளியேற்றி, கூலன்டை நிரப்பினோம். மூன்றாவது தடவைதான் சூடான காற்று வந்தது.

அந்தக் காற்று வராமலேயே பயணம் போயிருந்தால்? ஐந்து பேர் விடும் மூச்சு உள்ளே கண்ணாடியில் நீராய்ப் படியும், வெளியே பனி உறையும். நெடுஞ்சாலையில் சாரதிக்குப் பாதை தெரியாது. ஓகஸ்டில் யாரும் கவனிக்காத பிழை நவம்பரில் உயிரோடு விளையாடியிருக்கும்.

டிசம்பரில் மாமா ஒரு புகைப்படம் அனுப்பினார். வெளியே எங்கும் வெண்பனி. முன்கண்ணாடி மட்டும் தெளிவாக இருந்தது. சாரதி ஆசனத்துக்கு மேலே, எண்ணெய்க் கறையோடு, என் படம் ஒட்டப்பட்டிருந்தது. உம்மா அந்தப் புகைப்படத்தைப் பக்கத்து வீட்டு மாமிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்ட மகள் வரைஞ்சது."