பல்லாவரக் குன்றுகளும் கொல்கத்தாக் கல்லறையும்



கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள பாலிகஞ்சிலும் அதனை அடுத்த வட்டாரங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இங்கே வீடு கட்டுவோர் அடித்தளத்திற்காக எத்துணை ஆழம் தோண்டினாலும் களிமண்ணும் வண்டலுமே வெளிப்படும், பாறை தென்படாது. ஊரிலிருந்து வரும்போது அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மூட்டையோடு மூட்டையாகக் கட்டி எடுத்து வந்த நம் முன்னோர் அறியாமற் செய்தவர் அல்லர். இது கல் இல்லாத நாடு.

இதனைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. குடிநீர் தேடி, வில்லியம் கோட்டையில் 1835 முதல் 1840 வரை ஆழ்துளை ஒன்று இட்டனர். 481 அடி வரை துளைத்தும் அடிப்பாறையை எட்ட இயலவில்லை. வேறிடங்களில் குளம் வெட்டியபோது, மண்ணுக்கடியில் சுந்தரி மரத்தின் அடிக்கட்டைகள் நின்ற நிலையிலேயே காணப்பட்டன. இன்று நாம் நடமாடும் தெருக்கள் ஒரு காலத்தில் சுந்தரவனத்தைப் போன்ற சதுப்புக் காடாக இருந்தன என்பதற்கு அவையே சான்று. இந்நகரின் மேல்மட்ட மண் சில ஆயிரம் ஆண்டு வயதே உடையது.

இத்தகைய நகரின் நடுவே, உலகெங்கும் உள்ள நிலவியல் அறிஞர்கள் பெயர் சொல்லும் பாறை ஒன்று இருக்கிறது. அது இம்மண்ணில் தோன்றியதன்று. நம் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரக் குன்றுகளிலிருந்து வந்தது. அக்கல்லைப் பற்றியும், அது பிறந்த குன்றுத்தொடரைப் பற்றியும் சில செய்திகளை இங்கே கூற விழைகிறேன்.

டல்ஹௌசி சதுக்கம் என முன்னர் வழங்கிய பகுதிக்கு அருகில் புனித ஜான் தேவாலயம் உள்ளது. அதன் வளாகத்தில் எண்கோண வடிவில் ஒரு கல்லறை மண்டபம் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியரான ஜாப் சார்னாக்கின் கல்லறை அது. சென்னையிலிருந்து கப்பலேறிய சார்னாக், 1690 ஆகஸ்டு 24-ஆம் நாள் சுதானூட்டியில் வந்திறங்கினார். அவரையே இந்நகரின் நிறுவனர் என நெடுங்காலம் பள்ளிகளில் கற்பித்தனர். ஆயினும் அதற்கு முன்பே இங்கு ஊர்கள் இருந்தமையால், அவ்வாறு கூறுவது பொருந்தாது என 2003-இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சார்னாக் மறைந்த பின், அவருடைய மருமகனான சார்லஸ் ஐர் இம்மண்டபத்தைக் கட்டுவித்தார். அதனுள் இலத்தீன் எழுத்துகள் பொறித்த கருநிறப் பலகைக்கல் உள்ளது.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து அக்கல்லின்மீது ஓர் அறிஞரின் பார்வை விழுந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலந்து என்பவரே அவர். கல்லின் தன்மையை ஆராய்ந்த ஹாலந்து, அது பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் பாறையே எனக் கண்டார். அதுவரை தனிப்பெயர் இல்லாதிருந்த அப்பாறைக்கு, சார்னாக்கின் நினைவாகச் 'சார்னோக்கைட்' எனப் பெயரிட்டார். அவருடைய கட்டுரை வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் 1893-இல் வெளிவந்தது. இவ்வாறு, தமிழ்நாட்டுக் குன்றின் கல் வங்காளத்துக் கல்லறையில் பெயர் பெற்றது. பல்லாவரத்தின் பெயரால் வழங்கியிருக்க வேண்டிய கல், அதன்கீழ் உறங்குபவரின் பெயரால் வழங்கலாயிற்று.

இக்கல்லின் இயல்பு யாது? புதிதாக உடைத்த முகம் நீலமும் பசுமையும் கலந்த சாம்பல் நிறமாக, எண்ணெய் பூசினாற்போல் மினுமினுக்கும். வெயிலும் மழையும் பட்ட மேற்புறமோ பழுப்பேறிக் கிடக்கும். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகிய கனிமங்கள் சாதாரணக் கருங்கல்லிலும் உண்டு. அவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமும் சேர்ந்திருப்பதே இதன் தனி அடையாளம். நீர்ப்பசை மிகக் குறைந்த சூழலில், 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், நிலத்தின் கீழ் 20 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் உருப்பெறும் பாறை இது. பல்லாவரப் பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அதன்மேல் அடுக்கியிருந்த பாறைகள் அனைத்தும் காற்றாலும் நீராலும் படிப்படியாகத் தேய்ந்தழிந்த பின்னரே இது வெளியே தலைகாட்டியது. ஆதலின் பரங்கிமலைப் படிகளில் ஏறுகின்றவர், ஒரு காலத்தில் நிலவுலகின் மேலோட்டிற்கு மிக ஆழத்தில் கிடந்த தளத்தின்மீதே கால் வைக்கிறார்.

இலங்கை, மடகாஸ்கர், அண்டார்க்டிகா, நார்வே முதலிய இடங்களிலும் பின்னர் இவ்வகைப் பாறையைக் கண்டனர். இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்க்டிகாவும் நம் நாட்டோடு ஒரே நிலப்பரப்பாக ஒட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அப்பெருநிலத்தைக் கோண்டுவானா என்பர். உறைபனிக் கண்டத்தில் ஆராய்ச்சி செய்யும் அறிஞரும் இப்பாறையைக் காணுந்தோறும் கொல்கத்தாக் கல்லறையின் பெயரையே எழுதுகிறார்.

இனிக் குன்றுகளின் பக்கம் திரும்புவோம். சென்னையின் தென்மேற்கில் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், பம்மல் எனத் தனித்தனிக் குன்றுகளாக இவை எழுந்து நிற்கின்றன. மேலும் தெற்கே சென்றால் வண்டலூர்க் குன்றுகளைக் காணலாம். பரங்கிமலையின் உயரம் சுமார் 300 அடியே. உயரத்தில் எளியவையெனினும் இக்குன்றுகள் வரலாற்றில் எளியவை அல்ல.

1863 மே 30-ஆம் நாள், பல்லாவரத்துப் படைப் பயிற்சித் திடலருகே இருந்த சரளைக் குழியொன்றில், ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி. இந்தியாவில் அத்தகைய கருவி இன்னதென அறிந்து கண்டெடுக்கப்பட்டது அதுவே முதன்முறை. அதே ஆண்டில் சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்திலும் அவர் கருவிகளைக் கண்டார். அவ்விடத்துக் கருவிகளுள் மிகப் பழையன ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-இல் வெளியான ஆய்வு நிறுவியது. பூட் 1912-இல் கொல்கத்தாவில் காலமானார். ஏற்காட்டில் அவருக்கு நினைவுக்கல் உண்டு. பல்லாவரக் கோடரி குவார்ட்சைட் என்னும் வேறு கல்லால் ஆனது. கையிலுள்ள கல்லை ஒதுக்கி, கூர்மை தாங்கும் கல்லைத் தெரிந்தெடுக்கும் அறிவு அம்மனிதனுக்கு இருந்தது என்பது இதனால் விளங்கும்.

பல்லவபுரம் என்பதே பல்லாவரம் என மருவிற்று. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் அமைத்தான். அவனுடைய விருதுப்பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. இக்குடைவரை பிற்காலத்தில் இசுலாமியரின் தர்காவாயிற்று. திரிசூலத்தில், குன்றுகள் சூழ்ந்த தாழ்நிலத்தில், சோழர் காலத்துச் சிவன் கோயில் உள்ளது. பரங்கிமலை உச்சியில் போர்ச்சுகீசியர் 1523-இல் ஒரு வழிபாட்டிடம் அமைத்தனர். பகலவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை 1547-இல் அங்கே கிடைத்தது. இயேசுவின் சீடரான புனித தோமையார் இங்கேதான் உயிர்நீத்தார் என்பது கிறித்தவர்களின் மரபுவழி நம்பிக்கை. பரங்கியரால் பரங்கிமலை எனப் பெயர் வந்தது என்பர் சிலர். பிருங்கி முனிவர் தவமிருந்ததால் பிருங்கிமலை என்பதே பழம்பெயர் என்பர் வேறு சிலர். மூன்று சமயத்தாரும் ஒரே கல்லைத் தத்தமக்குரிய வகையில் போற்றினர் என்பதே நாம் கருதத்தக்கது.

நில அளவை வரலாற்றிலும் இக்குன்றுக்கு இடம் உண்டு. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி பரங்கிமலைக்கு அருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். 7½ மைல் நீளமுள்ள அக்கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. இமயம் வரை சென்ற மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். பின்னர் அவ்வளவை கொல்கத்தாவுக்கு வந்தபோது ஓர் இடையூறு நேர்ந்தது. சுற்றிலும் பார்த்து அளப்பதற்கு இங்கே குன்றேது? ஆகவே பாரக்பூர்ச் சாலை ஓரமாகச் செங்கற் கோபுரங்களை எழுப்பி, 1831-32-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் அடிக்கோட்டை அளந்தார். அக்கோபுரங்களை இன்றும் காணலாம். தெற்கில் இயற்கை இலவசமாக அளித்ததை இங்கே மனிதர் சுட்ட மண்ணால் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

உயிரினங்களைப் பற்றியும் ஒரு சொல். இப்பகுதியின் இயற்கைக் காடு உயர்ந்த மரங்கள் அடர்ந்ததன்று. காரை, களா, விராலி, ஈஞ்சு முதலியவை மண்டிய முட்புதர்க் காடு. குன்றுகளின் கிழக்கே உள்ள நன்மங்கலம் காப்புக்காடு, சுமார் 320 ஹெக்டேர் பரப்பில், அதன் எச்சமாக நிலைத்திருக்கிறது. கௌதாரியும் செம்போத்தும் கீரியும் முயலும் அங்கே வாழ்கின்றன. ஆங்குள்ள கைவிடப்பட்ட கல்குவாரிகளின் செங்குத்தான சுவர்களில் கொம்பன் ஆந்தை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. மனிதன் வெட்டிய புண்ணையே அப்பறவை வீடாக்கிக்கொண்டது.

அப்புண்ணைப் பற்றிக் கூறாமல் இவ்வுரையை முடித்தல் தகாது. சென்னை வளர வளர, அதன் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் ஜல்லி தேவைப்பட்டது. நகருக்கு மிக அருகிலிருந்த இக்குன்றுகளே அதற்கு இரையாயின. வெடி வைத்து உடைத்ததில் சில குன்றுகள் பாதி உருவத்தை இழந்தன. சில இடங்களில் மேடு இருந்த இடம் நீர் நிறைந்த பெரும்பள்ளமாயிற்று. 2017-இல் சென்னையில் கடும் குடிநீர்ப் பஞ்சம் ஏற்பட்டபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்குவாரிகளில் தேங்கிய நீரைத் தூய்மை செய்து மக்களுக்கு வழங்கினர். பள்ளத்தாலும் பயன் உண்டு என்பது மெய்யே. ஆயினும் மீண்டும் ஒரு குன்றை உண்டாக்க எவராலும் இயலாது.

கல்லின் மாதிரிதான் அருங்காட்சியகங்களில் இருக்கிறதே, குன்று எதற்கு என ஒருவர் வினவலாம். விடை எளிது. தனிக்கல் தன் பெயரைக் கூறும். தன் வரலாற்றைக் கூறாது. எந்தப் பாறை எதனை ஊடுருவியது, எது எதன்மேல் கிடக்கிறது என்பவற்றைக் குன்றில் மட்டுமே காணலாம். சார்னோக்கைட் உருகிய குழம்பு நேரே இறுகி உண்டானது என ஹாலந்து கருதினார். 1955-இல் ஹோவி என்னும் அறிஞர், அவ்வாறு உண்டான பாறை பின்னர் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறியது எனக் காட்டினார். சென்னைப் பாறைகளை மீண்டும் ஆராய்ந்தே அவர் அம்முடிவுக்கு வந்தார். பாறை அங்கே இல்லாதிருப்பின் முதற்கருத்தே முடிந்த கருத்தாக நின்றிருக்கும். இதனை உணர்ந்தே இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. அப்பாதுகாப்பு தொடர் முழுமைக்கும் உரியதன்று. எஞ்சிய குன்றுகளைக் காப்பது அங்கு வாழும் மக்களின் அக்கறையைப் பொறுத்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் பங்கு என்ன? அருகிலேயே தொடங்கலாம். கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை இருப்பதே பாலிகஞ்சு வட்டச் சாலையில்தான். நம் பிள்ளைகளுள் யாரேனும் அங்கே பயிலக்கூடும். அவர்களை விடுமுறை நாளொன்றில் புனித ஜான் தேவாலயத்திற்கு அழைத்துச் சென்று அந்தக் கருங்கல்லைக் காட்டுங்கள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, சென்னை விமான நிலையத்திற்கு எதிரே நிற்கும் திரிசூலக் குன்றையும், தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியிலிருந்து தெரியும் பரங்கிமலையையும் சுட்டிக் காட்டுங்கள். கொல்கத்தாவில் கண்ட கல்லின் தாய்ப்பாறை இதுவே எனச் சொல்லுங்கள். தம் ஊர்க் குன்று இன்னதென அறிந்த பிள்ளைகள், நாளை அதனை எவரேனும் வெறும் ஜல்லி எனக் கருதி உடைக்க முற்படும்போது வாளா இருக்கமாட்டார்கள்.