மகப்பேறு நர்சிங்கில் டாக்டர் பட்டம்: நம் பெண்கள் போக வேண்டிய தூரம்

பிரசவத்தின்போது பெண் மருத்துவர் இருப்பாரா, உள்ளே ஆண்கள் வருவார்களா என்று விசாரிக்காத குடும்பம் நம் மஹல்லாவில் அனேகமாக இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் அதே வீட்டில் பிளஸ் டூ முடித்த மகள் நர்சிங் படிக்கிறேன் என்றால், "நைட் டூட்டி இருக்குமே, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?" என்று தயங்குகிறோம். படிக்க வைத்தவர்களும் பெரும்பாலும் முதல் பட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். நமக்கு வேண்டிய சேவையைப் பிறர் வீட்டுப் பெண்கள் படித்து வந்து செய்யட்டும் என்று எத்தனை காலம் இருப்பது?

அகழ்ப்போரின்போது காயமுற்றவர்களுக்குக் கூடாரம் அமைத்து மருத்துவம் பார்த்த ருஃபைதா (ரலி) அவர்களை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அந்த வழியில் நம் பெண்கள் எதுவரை போகலாம்? மகப்பேறு நர்சிங்கில் டாக்டர் பட்டம் வரை போகலாம். அதற்கான பாதையை இங்கே விளக்குகிறோம்.

இந்தப் பட்டம் எதற்கு?

முதலில் ஒரு தெளிவு. பிஎச்.டி. முடித்த செவிலியர் பெயருக்கு முன் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் எம்.பி.பி.எஸ். மருத்துவர் ஆகிவிட மாட்டார். ஆபரேஷன் செய்ய மாட்டார். இது ஆய்வுப் பட்டம். பிரசவ வார்டில் தினமும் நடப்பதை முறைப்படி ஆராய்ந்து, எது தாய்க்கு நல்லது என்று ஆதாரத்தோடு சொல்லும் தகுதி.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அவற்றில் 44.9 சதவீதம் சிசேரியன். இவற்றில் எத்தனை அவசியம், எத்தனை தவிர்த்திருக்கக் கூடியவை? வலி எடுத்த நேரம் முதல் தாயின் அருகில் ஒருவர் விலகாமல் துணையிருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நெரிசலான நம் ஊர் மருத்துவமனைகளில் அதை எப்படிச் செய்வது? இதையெல்லாம் ஆராய, அந்த வார்டிலேயே வேலை பார்த்த செவிலியரைவிடப் பொருத்தமானவர் யார்?

நம் பெண்களுக்கென்றே சில கேள்விகளும் உண்டு. கர்ப்பகாலத்தில் ரமலான் வந்தால் அவர்கள் யாரிடம் யோசனை கேட்கிறார்கள்? நோன்பு வைப்பதை டாக்டரிடம் சொல்கிறார்களா, மறைக்கிறார்களா? கூச்சத்தால் எந்தெந்தத் தொந்தரவுகளைச் சொல்லாமல் விடுகிறார்கள்? நம் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்து, உம்மாவிடமும் மருமகளிடமும் மனம்விட்டுப் பேச வைக்கக்கூடிய ஒருவர்தான் இதற்குச் சரியான பதிலைக் கொண்டுவர முடியும்.

படிப்படியாக

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தவர்கள் 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் சேரலாம். 3 ஆண்டு டிப்ளமோ நர்சிங் முடித்தவர்களுக்கு 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. வழி இருக்கிறது. ஆகவே டிப்ளமோவோடு நின்றுவிட்ட பெண்களும் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து 2 ஆண்டு எம்.எஸ்சி. நர்சிங். பி.எஸ்சி.யில் 55 சதவீத மதிப்பெண்ணும், முடித்த பின் ஓராண்டு பணி அனுபவமும் கேட்கிறார்கள். இங்கேதான் மகப்பேறு மற்றும் மகளிர் நோய் நர்சிங் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் நாட்டில் பொதுவாகப் பிஎச்.டி. பட்டம் 'நர்சிங்' என்ற பெயரிலேயே இருக்கும். மகப்பேறு என்பது உங்கள் சிறப்புப் பிரிவாகவும் ஆய்வுத் தலைப்பாகவும் அமையும்.

பிஎச்.டி.க்கு, சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்க்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் நடத்தும் தேசியக் கூட்டமைப்பு வழியாகவும் சேரலாம். நுழைவுத் தேர்வு, வழிகாட்டி, ஆய்வுத் திட்டம், நெறிமுறைக் குழுவின் அனுமதி, தகவல் திரட்டல், ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு என்று வரிசையாகப் போகும்.

ஆய்வு வேண்டாம், பிரசவம் பார்ப்பதிலேயே தேர்ச்சி பெற வேண்டும் என்பவர்களுக்கு வேறு பாதை உண்டு. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பதிவுபெற்ற செவிலியர்களுக்கு 18 மாத மிட்வைஃப் பயிற்சி கொண்டுவரப்பட்டது. டாக்டர் பட்டம்தான் உயர்வு, இது தாழ்வு என்று எண்ண வேண்டியதில்லை.

நிக்காஹ், குழந்தை, படிப்பு

கணக்குப் போட்டுப் பார்த்தால், 18 வயதில் சேரும் பெண் எம்.எஸ்சி. முடிக்கும்போது 25 ஆகிவிடும். பிஎச்.டி.யோடு 28 முதல் 31. நிக்காஹும் குழந்தைப்பேறும் வரும் காலம் இதுதான். பல பெண்களின் படிப்பு நிற்பதும் இங்கேதான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் இதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை. ஆக மொத்தம் 10 ஆண்டு வரை நீளலாம். பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்யவும் அனுமதி உண்டு.

ஆகவே கல்யாணமா படிப்பா என்று பெண்ணை ஒரு பக்கம் தள்ள வேண்டியதில்லை. நிக்காஹ் பேசும்போதே, "மகள் இன்னும் படிப்பாள், உங்களுக்குச் சம்மதமா?" என்று வாப்பாமார்கள் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்புக்கு அது நல்ல மருந்து. மருமகள் ஆய்வேடு எழுதும் நாட்களில் பேரப்பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் மாமியாரும் அந்தப் பட்டத்தில் பங்காளிதான்.

செலவும் உதவியும்

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு வெகுவாகக் குறையும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் அது முதல் பட்டம் வரைதான். மேற்படிப்புக்கு டாம்கோ வழியாகச் சிறுபான்மையினர் கல்விக் கடன் கேட்கலாம்.

சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம். அந்த இடைவெளியை ஜமாஅத்தும் வசதியுள்ளவர்களும்தான் நிரப்ப வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஒரே இரவில் செலவாகும் பணத்தில் ஒரு பெண்ணின் ஆய்வுச் செலவு எவ்வளவு அடங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏமாந்துவிடாதீர்கள்

"ஆன்லைனில் ஒரே வருடத்தில் பிஎச்.டி." என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். தொலைதூர, ஆன்லைன் பிஎச்.டி. நம் நாட்டில் செல்லாது. பணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். நர்சிங் கல்லூரியென்றால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் முக்கியம்.

இப்போதே செய்யக்கூடியது

பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் மகள் வீட்டில் இருந்தால், முதல் வருடத்திலிருந்தே 55 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் எல்லாக் கதவுகளும் அந்த எண்ணில்தான் திறக்கின்றன. வேலையில் இருக்கும் செவிலியர்கள் வார்டில் தமக்குத் தோன்றும் சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நாளைய ஆய்வுத் தலைப்பு அதில்தான் இருக்கும்.

விண்ணப்பம் நிரப்பவும், சான்றிதழ்களைச் சரிபார்க்கவும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். கூடவே இருந்து உதவுகிறோம். நம் பேத்திகள் பிரசவத்துக்குப் போகும் நாளில், அங்கே நடைமுறைகளை வகுத்தவர்களில் நம் மஹல்லாப் பெண்ணும் ஒருவராக இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.