செவிப்பறைக் காயம்: மீண்டும் கடலில் மூழ்குவதற்கு முன் அறிய வேண்டியவை

நீரில் மூழ்கும்போது காதில் கடும் வலி ஏற்பட்டு, பின்னர் அது திடீரெனக் குறைந்துவிட்டால், காது சரியாகிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் வலி அவ்வாறு சட்டென நிற்பது, செவிப்பறை கிழிந்துவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். எனவே வலி இல்லை என்பதை மட்டும் கொண்டு மீண்டும் கடலில் இறங்குவது பாதுகாப்பானதன்று.

மன்னார் வளைகுடாப் பகுதியில் சங்கு குளிப்போர், கடற்பாசி சேகரிக்கும் பெண்கள், ஸ்கூபா பயிற்சி பெறுவோர், பயிற்சி அளிப்போர் ஆகியோருக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் இப்பக்கம் பயன்படும். மூழ்கினால்தான் அன்றைய வருமானம் என்ற நிலையில் உள்ளவர்களுக்குச் சில வாரங்கள் காத்திருப்பது எளிதன்று. அந்தக் காத்திருப்பு ஏன் தேவை என்பதும், எப்போது திரும்பலாம் என்பதும் கீழே விளக்கப்படுகின்றன.

செவிப்பறை என்பது யாது?

காதுத் துளையின் உள்முனையில் அமைந்துள்ள மெல்லிய சவ்வே செவிப்பறை. இதன் விட்டம் ஏறத்தாழ 1 செ.மீ.; தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ. இது ஒலி அதிர்வுகளை உள்ளே இருக்கும் சிறு எலும்புகளுக்குக் கடத்துகிறது. நீரும் கிருமிகளும் உள்ளே செல்லாமல் தடுப்பதும் இதுவே.

செவிப்பறைக்குப் பின்புறம் நடுச்செவி உள்ளது. இது காற்று நிரம்பிய சிறிய அறை. யூஸ்டேசியன் குழாய் என்னும் குறுகிய வழி இந்த அறையை மூக்கின் பின்பகுதியுடன் இணைக்கிறது. உமிழ்நீரை விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இக்குழாய் திறந்து, காற்று உள்ளே செல்கிறது.

மூழ்கும்போது காதில் நிகழ்வது என்ன?

கடல் மட்டத்தில் நம் உடல்மீது 1 வளிமண்டல அழுத்தம் உள்ளது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் மேலும் 1 வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தை அடையும்போது, அடைபட்ட காற்றின் கனஅளவு பாதியாகச் சுருங்குகிறது. நடுச்செவிக்குள் புதிதாகக் காற்று செல்லாவிட்டால், வெளியிலுள்ள நீர் செவிப்பறையை உள்நோக்கி அழுத்துகிறது. முதலில் அடைப்பு உணர்வும், பின்னர் வலியும் தோன்றும். அதற்கு மேலும் ஆழம் சென்றால் இரத்தக் கசிவோ கிழிசலோ ஏற்படலாம்.

காற்று சுருங்கும் விகிதம் முதல் 10 மீட்டரில்தான் மிக அதிகம். ஆகையால் ஆழம் குறைந்த நீரில் காதுக்கு ஆபத்து இல்லை என்பது தவறான கருத்து. சில மீட்டர் ஆழத்திலேயே செவிப்பறை கிழியக்கூடும். சளி, ஒவ்வாமை, சைனஸ் தொல்லை உள்ளபோது யூஸ்டேசியன் குழாய் வீங்கி அடைபடுவதால் ஆபத்து மேலும் கூடுகிறது.

அறிகுறிகள் யாவை?

- மூழ்கும்போது கடும் காது வலி. சில வேளைகளில் ‘பட்’ என்ற உணர்வுடன் வலி திடீரெனக் குறைதல்
- காதிலிருந்து இரத்தம் அல்லது நீர் கசிதல்
- காது அடைத்தது போன்ற உணர்வு, கேட்கும் திறன் குறைதல்
- காதுக்குள் இரைச்சல்
- மூக்கைச் சிந்தும்போது காது வழியாகக் காற்று வெளியேறுதல்
- நீருக்கடியில் திடீர்த் தலைச்சுற்றல்

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று மீண்டும் மூழ்கக் கூடாது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரை விரைவில் அணுக வேண்டும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

- கரைக்கு வந்த பின்னரும் நீடிக்கும் தலைச்சுற்றல், வாந்தி, நடையில் தள்ளாட்டம்
- ஒரு காது திடீரென முற்றிலும் அல்லது பெருமளவு கேளாமல் போதல்
- முகத்தின் ஒரு பக்கம் செயலிழத்தல்
- கடும் தலைவலி அல்லது காய்ச்சல்

இவை காயம் உட்செவி வரை சென்றிருப்பதைக் காட்டலாம். உட்செவிக் காயத்தில் சிகிச்சை தாமதமானால் கேட்கும் திறன் நிலையாக இழக்கப்படலாம். ஸ்கூபா உருளையிலிருந்தோ, படகிலுள்ள கருவியிலிருந்து குழாய் வழியாகவோ காற்றைச் சுவாசித்து மூழ்கியவருக்கு இவ்வறிகுறிகள் தோன்றினால், அழுத்தக் குறைவு நோயாகவும் இருக்கலாம். அதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு. எனவே எத்தனை முறை, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம் மூழ்கினார் என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

முதல் நாள் முதல் கடைப்பிடிக்க வேண்டியவை

காதை உலர்ந்த நிலையில் வைத்திருப்பதே முதன்மையான சிகிச்சை. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வெளிவாயிலில் வைத்துக்கொள்ளலாம். குளித்து முடித்ததும் அதை எடுத்துவிட வேண்டும். தலைக்கு ஊற்றும் நீர் காதில் புகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். வலி இருந்தால் மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம்.

பின்வருவனவற்றைத் தவிர்க்க வேண்டும்:

- சூடாக்கிய நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் போன்ற எதையும் காதில் ஊற்றுதல்
- பஞ்சுக்குச்சி, கோழியிறகு, ஊக்கு போன்றவற்றால் காதைச் சுத்தம் செய்தல்
- மூக்கை அழுத்திப் பிடித்துக் காதுக்குள் காற்றை ஊதிப் பார்த்தல்
- மூக்கைப் பலமாகச் சிந்துதல்
- மருத்துவர் பரிந்துரையின்றி மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் பயன்படுத்துதல்

கடைசியாகக் கூறியது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. ஜென்டமைசின், நியோமைசின் போன்ற மருந்துகள் கலந்த சொட்டு மருந்துகள், துளை வழியாக உட்சென்று உட்செவியைப் பாதிக்கக்கூடும். தொற்று இல்லாத பலருக்குச் சொட்டு மருந்தே தேவைப்படுவதில்லை.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

மருத்துவர் ஓட்டோஸ்கோப் கருவி மூலம் செவிப்பறையைப் பார்த்து, துளை உள்ளதா, அதன் அளவு என்ன, தொற்று உள்ளதா என்று அறிவார். இசைக்கவைச் சோதனையும் ஆடியோமெட்ரி எனப்படும் கேட்டல் சோதனையும் செய்யப்படலாம். கேட்கும் திறன் குறைந்ததற்குக் காரணம் செவிப்பறையில் மட்டும் உள்ளதா, உட்செவியும் பாதிக்கப்பட்டுள்ளதா என்பதை இச்சோதனைகள் காட்டும்.

மருத்துவரிடம் தாங்கள் கடலில் மூழ்கும் தொழில் செய்பவர் என்பதை முதலிலேயே கூறுங்கள். கரையில் வேலை செய்பவருக்குக் கூறப்படும் ‘இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பலாம்’ என்ற அறிவுரை, நீரழுத்தத்தைத் தாங்க வேண்டிய காதுக்குப் பொருந்தாது.

ஆறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும்?

செவிப்பறை கிழியாமல் சிவந்தும் வீங்கியும் மட்டும் இருந்தால், பெரும்பாலும் சில நாட்கள் முதல் சில வாரங்களுக்குள் குணமாகும். சிறிய துளைகளில் பெரும்பாலானவை சில வாரங்களிலிருந்து 3 மாதங்களுக்குள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. பெரிய துளையும் தொற்று ஏற்பட்ட துளையும் மூடுவதற்குக் கூடுதல் காலம் ஆகலாம். ஏறத்தாழ 3 மாதங்களுக்குப் பின்னரும் மூடாத துளைக்குச் சவ்வு ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இதற்கான ஆலோசனை பெறலாம்.

துளை மூடிய நாளே மூழ்கத் தகுதி பெறும் நாள் ஆகாது. செவிப்பறை மூன்று அடுக்குகளால் ஆனது. அதற்கு வலிமை தருவது நடுவிலுள்ள நார் அடுக்கு. துளை மூடும்போது சிலருக்கு அந்த நடு அடுக்கு முழுமையாக உருவாவதில்லை. அவ்விடம் மெல்லியதாக இருப்பதால், அழுத்தம் ஏற்பட்டால் மீண்டும் கிழியலாம். இதனால் துளை முழுமையாக மூடியது உறுதியான பிறகும், பொதுவாகக் குறைந்தது 2 மாதங்கள் காத்திருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இக்காலம் மேலும் நீளலாம். அதை அறுவை சிகிச்சை செய்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

துளையுடன் மூழ்கினால் என்ன ஆகும்?

துளை உள்ள காதில் நீரும் காற்றும் தடையின்றிச் சென்று வருவதால், மூழ்கும்போது வலி தெரியாமல் இருக்கலாம். அதனால் ‘இப்போது முன்பைவிட எளிதாக மூழ்க முடிகிறது’ என்று தோன்றக்கூடும். உண்மையில் இதுவே அதிக ஆபத்தான நிலை.

உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்செவியில் உள்ளது. துளை வழியாகக் குளிர்ந்த நீர் நடுச்செவிக்குள் புகுந்தால், அந்த உறுப்பு திடீரெனத் தூண்டப்பட்டுக் கடும் தலைச்சுற்றல் உண்டாகிறது. நீருக்கடியில் இருப்பவருக்கு மேல் எது, கீழ் எது என்பதே தெரியாமல் போகலாம், வாந்தியும் வரலாம். கரையில் சில நிமிடங்களில் அடங்கிவிடக்கூடிய இத்தலைச்சுற்றல், கடலில் உயிரிழப்புக்குக் காரணமாகலாம். மேலும், உட்புகும் கடல்நீரால் சீழ் வடிதல் ஏற்பட்டு, ஆறிவரும் துளை நிலையான துளையாக மாறவும் கூடும்.

மீண்டும் மூழ்குவதற்கு முன் நிறைவேற வேண்டிய நிபந்தனைகள்

1. செவிப்பறை முழுமையாக மூடியுள்ளது என்பதை மருத்துவர் கருவி மூலம் பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும்.
2. அதன்பின் மருத்துவர் குறிப்பிட்ட காத்திருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும்.
3. இரு காதுகளிலும் அழுத்தத்தை எளிதாகச் சமன் செய்ய முடிய வேண்டும்.
4. தலைச்சுற்றல், சீழ், புதிய இரைச்சல் எதுவும் இருக்கக் கூடாது. கேட்டல் சோதனை முடிவு மருத்துவருக்கு நிறைவளிக்க வேண்டும்.
5. சளி, மூக்கடைப்பு இல்லாமல் இருக்க வேண்டும்.

உட்செவிக் காயம் ஏற்பட்டவர்களுக்கு இந்நிபந்தனைகள் மட்டும் போதா. அவர்களில் சிலர் மூழ்குவதை முற்றிலும் கைவிடுமாறு அறிவுறுத்தப்படலாம்.

மீண்டும் தொடங்கும்போது

முதல் சில நாட்கள் ஆழம் குறைந்த இடத்தில், துணையுடன் மட்டும் மூழ்க வேண்டும். கால்கள் கீழே இருக்குமாறு மெதுவாக இறங்கினால் காதில் அழுத்தத்தைச் சமன் செய்வது எளிது. வலி வரும்வரை காத்திராமல், நீர் மட்டத்திலிருந்தே தொடங்கி, ஏறத்தாழ ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறையாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டும், அல்லது மென்மையாக ஊத வேண்டும். காது திறக்கவில்லை எனில் சிறிது மேலே வந்து மீண்டும் முயல வேண்டும். அப்போதும் இயலாவிட்டால் அன்று மூழ்குவதைக் கைவிட வேண்டும். பலமாக ஊதுவது உட்செவியைச் சேதப்படுத்தலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு மூழ்கலாமா?
கூடாது. இறுக்கமான அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் இடையே சிக்கும் காற்று, தனியே அழுத்த வேறுபாட்டை உண்டாக்கிக் காயப்படுத்தும்.

மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு மூழ்கலாமா?
மருந்தின் பயன் நீருக்கடியில் இருக்கும்போதே தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது நடுச்செவிக் காற்று வெளியேற வழியின்றி வலியும் தலைச்சுற்றலும் ஏற்படலாம். சளி இருக்கும் நாட்களில் மூழ்காமல் இருப்பதே பாதுகாப்பு.

குடும்பத்தினரின் பங்கு

காயமடைந்தவர் ‘வலி இல்லை’ என்று கூறித் தொழிலுக்குப் புறப்படும்போது, மருத்துவர் காதைப் பார்த்து அனுமதி அளித்துள்ளாரா என்று கேளுங்கள். மறு பரிசோதனைக்கான தேதியைக் குறித்து வைத்து உடன் செல்லுங்கள். ஆறும் காலத்தில் படகு ஓட்டுதல், சங்குகளைத் தரம் பிரித்தல், கடற்பாசி உலர்த்துதல் போன்ற நீரில் இறங்காத வேலைகளை மேற்கொள்ள உதவுங்கள். தலைச்சுற்றல் உள்ளவர் படகில் செல்வதையும் வாகனம் ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக மட்டுமே. நேரடி மருத்துவப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இவை மாற்று ஆகா.