வடு ஆறும் காலம் – 11: கேட்டில் ஆள் இருந்தார்

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயில்பாதையில் செம்மங்குப்பம் கேட். காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாதையைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று மாணவர்களின் உயிர் போயிற்று. உதவிக்கு ஓடிவந்த ஊர்க்காரர் ஒருவர் அறுந்து கிடந்த மின்கம்பியில் அடிபட்டார்.

பேரிடியிலிருந்து தப்பியவர்கள் அதன்பின் மாறுகிறார்களா, வளர்கிறார்களா என்று போன வாரம் கேட்டிருந்தேன். இந்த ஊரை வைத்து அதே கேள்வியைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஏனென்றால் நாம் எல்லோருமே துக்க வீட்டுக்குப் போனதும் அதைத்தான் வேறு வார்த்தையில் கேட்கிறோம்: “மனசைத் தேத்திக்கிட்டியாம்மா?”

இந்த வளர்ச்சிக்குப் பெயர் வைத்து, 1996-ல் அதை அளக்க 21 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் தயாரித்தவர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும். அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த உளவியலாளர்கள். உறவுகள் நெருக்கமாகின்றன, புது வழிகள் தென்படுகின்றன, ‘இதையே தாங்கிவிட்டேன்’ என்ற திடம் வருகிறது, ஆன்மிகம் மாறுகிறது, சின்னச் சின்ன விஷயங்களின் அருமை தெரிகிறது என்று அவர்கள் கண்டார்கள். நம் மேடைப் பேச்சாளர்கள் இதை மட்டும் பிடித்துக்கொண்டு ‘எல்லாம் நன்மைக்கே’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த இருவரும் இன்னொன்றையும் சேர்த்தே சொன்னார்கள். வளர்ச்சியைத் தருவது அடி அல்ல. அடிக்குப் பிறகு, உடைந்துபோன நம்பிக்கைகளோடு ஒருவர் நடத்தும் நெடுநாள் மல்லுக்கட்டு. அது நடக்கும்போது வலியும் கூடவே இருக்கும்.

இதிலும் ஒரு சந்தேகம் உண்டு. 2009-ல் பட்ரீஷியா ஃப்ரேஸியர் குழுவினர் மாணவர்களை முன்கூட்டியே அளந்துவைத்து, இடையில் பெரும் துயரத்தைச் சந்தித்தவர்களை மறுபடியும் அளந்தார்கள். ‘நான் வளர்ந்துவிட்டேன்’ என்று அவர்கள் சொன்னதற்கும் அவர்களிடம் உண்மையில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. அப்படிச் சொல்லிக்கொள்வது பொய் இல்லை. பல நேரம் தாக்குப்பிடிக்கும் ஒரு வழி.

வளர்ச்சியே கிடையாது என்றும் சொல்ல முடியாது. 2004 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினத்தின் கரிபீரன் பரமேஸ்வரன், சூடாமணி தம்பதி தங்கள் மூன்று குழந்தைகளையும் பறிகொடுத்தார்கள். அன்று பரமேஸ்வரனுக்குப் பிறந்தநாள். பிறகு, பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்கே அழைத்துவந்து வளர்த்தார்கள். ‘நம்பிக்கை’ என்ற இல்லம் அப்படித்தான் உருவானது. அவர்களைக் காட்டி அடுத்த துக்க வீட்டில் “அவங்களைப் பாரு” என்று சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்த்ததை எல்லோருக்கும் கடமையாக்க முடியாது.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். பயந்துபோன பிள்ளையைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போய் மந்திரிப்பது நம் பக்கத்து வழக்கம். திருநீறு போடுவார்கள், கயிறு கட்டுவார்கள், முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். பயம் தெளிந்ததோ இல்லையோ, அந்தப் பிள்ளையிடம் யாரும் “எப்படி நடந்துச்சு, சொல்லு” என்று குடைவதில்லை, மடியில் உட்காரவைத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: நடந்ததை விவரிக்கச் சொல்லி உடனடியாகக் கிளற வேண்டாம், பத்திரமாக இருக்கிறோம் என்ற உணர்வைக் கொடுங்கள், பேச வந்தால் கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, வேனைக் கண்டாலே நடுங்கினால் கயிறு போதாது, மருத்துவரிடம் போக வேண்டும். மைக்கோடு வாசலில் நிற்பவர்களுக்கும் இதை யாராவது சொன்னால் தேவலை.

அடிபட்டவர்களிடம் பாடம் தேடுகிற நாம், அடி எங்கிருந்து வந்ததோ அங்கே தேடுவதில்லை. 2014-ல் தெலங்கானாவின் மாசாய்பேட்டையில், 2018-ல் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில், ஆளில்லாக் கடவைகளில் பள்ளி வண்டிகள் மீது ரயில் மோதிப் பிள்ளைகள் செத்தார்கள். 2019 ஜனவரிக்குள் அகலப்பாதைகளில் ஆளில்லாக் கடவையே இல்லாமல் செய்தது ரயில்வே. பாடம் படித்ததுதான், ஆனால் பாதி.

செம்மங்குப்பத்தில் ஆள் இருந்தார். சிக்னல் இணைப்புதான் இல்லை. இணைப்புள்ள கேட் பூட்டாமல் ரயிலுக்குப் பச்சை விழாது. இணைப்பில்லாத கேட்டில், ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போனில் பேசிக்கொள்வதுதான் மொத்தப் பாதுகாப்பும். விபத்துக்குப் பின் கேட் கீப்பர் கைது செய்யப்பட்டு, வேலையிலிருந்தும் நீக்கப்பட்டார். கேட்டுகளில் கேமரா பொருத்தவும், போன் பேச்சுப் பதிவுகளைச் சோதிக்கவும், வண்டி நடமாட்டம் குறைவான கேட்டுகளையும் சிக்னலோடு இணைக்கவும் ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது. இவற்றில் கேமரா சுலபம், ஒரு வாரத்தில் மாட்டிவிடலாம். சிக்னல் இணைப்புக்குப் பணமும் காலமும் வேண்டும். ரயில்வே உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று அளக்க 21 கேள்விகள் தேவையில்லை, உங்கள் ஊர் கேட்டில் அந்த இணைப்பு வந்துவிட்டதா என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

(தொடரும்)